பப்பாளி இலைக்கு அடியில் ஒரு குளவி: மருந்து அடிக்கும் முன்னாடி பேரைக் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

திருப்பூர் வீரபாண்டியில இருந்து பேசறேன். பின்னாடி லேசா ஒரு 'கடகட' சத்தம் கேட்டுச்சுன்னா உங்க ஹெட்போனைக் கழட்டிப் பார்க்க வேண்டாம். பக்கத்து பில்டிங்ல நிட்டிங் மெஷின் ஓடுது, அவ்வளவுதான்.

இன்னைக்கு எபிசோட் ஒரு குளவியைப் பத்தி. குளவின்னு சொன்னதும் ஜன்னல் மூலையில மண் கூடு கட்டுற குளவி, இல்லைன்னா கிட்டப் போனாலே துரத்திக் கொட்டுற குளவிதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போறது ஒரு மில்லிமீட்டர் நீளம் கூட இல்லாத குளவி. மனுஷனைக் கொட்டாது. கூடு கட்டாது. தமிழ்நாட்டுல பப்பாளி, மரவள்ளி, மல்பெரி போட்ட ஆயிரக்கணக்கான விவசாயிகளை ஒரு பெரிய நஷ்டத்துல இருந்து காப்பாத்தின ஜீவன். ஆனா தெருவுல பத்து பேரை நிறுத்திக் கேட்டா ஒருத்தருக்கும் அது பேர் தெரியாது.

என்ன பார்த்தோம்

எங்க வீட்டுக்குப் பின்னாடி தண்ணித் தொட்டி ஓரத்துல ஒரு பப்பாளி மரம் நிக்குது. அது பக்கத்துலயே ஒரு செம்பருத்தி. பப்பாளி இலையோட அடிப்பக்கம், நரம்பு ஓடுற இடமெல்லாம் மாவு அப்பின மாதிரி வெள்ளை வெள்ளையா இருந்துச்சு. காய்லயும் கொஞ்சம். கீழ் இலைகள்ல பிசுபிசுன்னு ஒட்டுது, அது மேல கரி பூசின மாதிரி ஒரு படலம். எறும்பு வரிசையா ஏறுது, இறங்குது.

இதுதான் மாவுப்பூச்சி. நம்ம பக்கத்துல கள்ளிப்பூச்சின்னும் சொல்லுவாங்க. இலையில ஊசி மாதிரி வாயைக் குத்தி சாறு உறிஞ்சும். உறிஞ்சினதுல மிச்சமாகுற சர்க்கரைத் தண்ணியை வெளிய விடும். அந்த இனிப்புக்குத்தான் எறும்பு வருது. அந்த இனிப்பு மேலதான் கரும்பூஞ்சை படருது.

பக்கத்து வீட்டு அக்கா சுவர் ஓரமா எட்டிப் பார்த்துட்டு, "ஏங் கண்ணு, இந்த மரத்துக்கு ஏதாச்சும் மருந்து வாங்கியாந்து அடிச்சு உட்றலாமா? இல்லீன்னா வெட்டிப் போட்றலாமா? எங்கூட்டு மரத்துக்கும் வந்துருமாட்ட இருக்குது"ன்னாங்க. அவங்க பயத்துல நியாயம் இருக்கு. காத்துலயும் எறும்பு மூலமாவும் பரவுற பூச்சி அது. நான், "ஒரு பத்து நாள் பொறுங்கக்கா, இதுல வேற ஒண்ணும் நடக்குதுங்க"ன்னேன்.

அந்த வேற ஒண்ணு என்னன்னா, வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவுல சிலது மட்டும் உப்பிப்போய், பழுப்பு மஞ்சள் நிறத்துல, குட்டி பீப்பாய் மாதிரி இறுகிக் கிடந்துச்சு. தொட்டா நசுங்கலை, ஓடு மாதிரி இருந்துச்சு. சிலதுல ஒரு பக்கம் அழகா வட்டமா ஒரு ஓட்டை. குண்டூசி முனையால குத்தின மாதிரி. இலை மேல தூசி மாதிரி ஏதோ ஒண்ணு நடந்து போய், திடீர்னு தத்திக் காணாமப் போச்சு.

ஒட்டுண்ணிக் குளவின்னா என்ன?

இதுக்குப் பேர் ஒட்டுண்ணிக் குளவி. பேன், உண்ணி மாதிரி ஒட்டுண்ணிகள் நம்ம ரத்தத்தைக் குடிச்சாலும் நம்மளை உயிரோட விட்டுவைக்கும். நாம செத்தா அதுக்குத்தானே நஷ்டம்! ஆனா ஒட்டுண்ணிக் குளவி அப்படி விடாது. தான் தங்கின உடம்பை முழுசாத் தின்னு முடிச்சுட்டுத்தான் வெளிய வரும்.

பெண் குளவி மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள்ள நடந்து போகும். உணர்கொம்பால ஒவ்வொண்ணையும் தட்டித் தட்டிப் பார்க்கும். வயசு சரியா இருக்கிற குஞ்சு கிடைச்சா, பின்பக்கம் இருக்கிற ஊசி மாதிரி குழாயை உள்ள இறக்கி ஒரு முட்டை வைக்கும். முட்டை பொரிஞ்சு, புழு உள்ள இருந்தே தின்ன ஆரம்பிக்கும். மாவுப்பூச்சி கொஞ்ச நாள் சாதாரணமாத்தான் இருக்கும். அப்புறம் உப்பும், இறுகும், ஓடாகும். பூச்சியியல்காரங்க இதை 'மம்மி'ன்னே கூப்பிடுவாங்க, எகிப்து மம்மி மாதிரி. உள்ள கூட்டுப்புழுவா மாறின குளவி, வளர்ந்ததும் ஓட்டை வட்டமாக் கடிச்சுத் திறந்து வெளிய வரும். முட்டையில இருந்து வெளிய வர வரைக்கும் ரெண்டு, மூணு வாரம்.

குளவிகளோட கொடுக்கே ஆதியில முட்டை வைக்கிற குழாய்தான். தேனீ, கொட்டுற குளவிகள்ல அது விஷ ஊசியா மாறிடுச்சு. இந்தச் சின்னக் குளவிகள் இன்னும் அதைப் பழைய வேலைக்கே வச்சிருக்கு. அதனால வீட்டுல குழந்தைங்க இருக்காங்களேன்னு பயப்பட ஒண்ணுமில்லை.

அடையாளம் கண்டுபிடிச்ச விதம்

இப்போ கேள்வி, இது எந்தக் குளவி? போன்ல போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்ல போட்டா உடனே பேர் வந்துடும்னு நினைப்போம். வண்ணத்துப்பூச்சிக்கு வரும். தூசி அளவு குளவிக்கு, பெரும்பாலும் 'குளவி வகை' அப்படிங்கிறதோட நின்னுடும். அதனால நான் வேற வழியில போனேன். நீங்களும் செய்யலாம், பெரிய செலவு கிடையாது.

முதல் கேள்வி, எந்தச் செடி? பப்பாளி. இரண்டாவது, செடியில இருக்கிற மாவுப்பூச்சி எது? இதுதான் முக்கியமான கேள்வி. ஏன்னா இந்தக் குளவிகள் பல, ஒரு குறிப்பிட்ட பூச்சியை மட்டுமே நம்பி வாழும். பூச்சி பேர் தெரிஞ்சா குளவியோட பட்டியல் சட்டுன்னு சுருங்கிடும்.

பப்பாளி மாவுப்பூச்சிக்கு ஒரு நல்ல அடையாளம் இருக்கு. உடம்பு மஞ்சள், மேல வெள்ளை மெழுகு. நசுக்கினா மஞ்சளா சாறு வரும். அதை ஆல்கஹால்ல போட்டு வச்சா ஓரிரு நாள்ல நீலம் கலந்த கருப்பா மாறிடும். நான் நாலைஞ்சு பூச்சியைப் போட்டு வச்சேன். மறுநாள் மை தொட்ட மாதிரி இருந்துச்சு. ஆக, பப்பாளி மாவுப்பூச்சி. அறிவியல் பேர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்.

மூணாவது, பாட்டில். மம்மி இருக்கிற இலைத் துண்டை வெட்டி, மத்த மாவுப்பூச்சியை எல்லாம் பிரஷ்ஷால தள்ளிட்டு, சுத்தமான கண்ணாடி பாட்டில்ல போட்டேன். மூடி போட்டா உள்ள வேர்த்து பூஞ்சை வந்துடும். அதனால வாயை பனியன் துணியை ரெண்டா மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். நம்ம ஊர்ல துணிக்கா பஞ்சம்! வெயில் படாத இடத்துல வச்சுட்டு, தினமும் காலையில ஒரு பார்வை.

நாலாவது, லென்ஸ். திருப்பூர்ல இது ஒரு வசதி. துணியில லூப் எண்ணுறதுக்கு மடக்கி விரிக்கிற கவுண்டிங் கிளாஸ் இங்க எந்த செக்கிங் டேபிள்லயும் கிடக்கும். அடிச்சட்டத்துல அளவுக்கோடு இருக்கிறதால பூச்சியோட நீளத்தையும் கணிச்சுடலாம். ஒன்பதாம் நாள் பாட்டில் சுவர்ல ஆரஞ்சு மஞ்சள் நிறத்துல நாலு புள்ளி. லென்ஸ்ல பார்த்தா நாலு இறக்கை, முழங்கை மாதிரி மடங்கின குட்டையான உணர்கொம்பு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உடம்பு. பாட்டிலைத் தட்டினா பறக்குறதுக்கு முன்னாடி தத்துது. ஒவ்வொரு மம்மியிலயும் ஒரே ஒரு ஓட்டை, ஒரே ஒரு குளவி.

தத்துறது நல்ல துப்பு. என்சிர்ட்டிடேன்னு ஒரு குளவிக் குடும்பம் இருக்கு. நடுக்கால் பலமா இருக்கும், அதை உதைச்சுத் தாவும். பப்பாளி மாவுப்பூச்சிக்குள்ள இருந்து, ஒண்ணொண்ணா, இந்த நிறத்துல, இந்த அளவுல, தத்திக்கிட்டு வெளிய வர என்சிர்ட்டிட்னா, அசெரோஃபேகஸ் பப்பாயே பக்கம்தான் எல்லாத் துப்பும் கை காட்டுது. முத்திரை குத்தி உறுதி பண்ணணும்னா, குளவியை ஆல்கஹால்ல போட்டு பூச்சியியல் துறைக்குக் கொண்டு போகணும். அங்க கண்ணாடித் தகட்டுல பதிச்சு, உணர்கொம்புக் கணுக்களை எண்ணி, மைக்ராஸ்கோப்புல பார்த்துச் சொல்லுவாங்க. ஆனா மரத்துக்கு மருந்து அடிக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண, பாட்டில் சொன்ன பதிலே போதும். அக்காவைக் கூப்பிட்டு லென்ஸ்ல காட்டினேன். "இத்துனூண்டு இருந்துட்டா அத்தனையும் திங்குது!"ன்னாங்க. மருந்து வாங்குற பேச்சு அதோட நின்னுடுச்சு.

2008: பேர் தெரியாத வெள்ளைப் பூச்சி

அசெரோஃபேகஸ் பப்பாயே நம்ம ஊர்க் குளவியே கிடையாது. அது இங்க வந்த கதையைச் சொல்றேன்.

2008 ஜூலை. கோயம்புத்தூர்ல பப்பாளியில ஒரு மாவுப்பூச்சி கண்ணுல படுது. அப்போ திருப்பூர் மாவட்டமே பிறக்கலை. அது 2009-ல தான் வந்துச்சு. வீரபாண்டி அப்போ கோவை மாவட்டம். அடுத்த ஒன்றரை, ரெண்டு வருஷத்துல அந்தப் பூச்சி கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம்னு கொங்கு முழுக்கப் பரவிடுச்சு. பப்பாளி மட்டுமா? மரவள்ளி, மல்பெரி, கத்தரி, பருத்தி, செம்பருத்தி, காலி சைட்ல முளைக்கிற பார்த்தீனியம் வரைக்கும் எதையும் விடலை.

விவசாயிகள் கைக்குக் கிடைச்ச மருந்தை எல்லாம் அடிச்சாங்க. பூச்சி மேல மெழுகுப் பூச்சு. மருந்து உள்ள இறங்குறது கஷ்டம். மேலோட்டமா கொஞ்சம் சாகும், மடிப்புக்குள்ள இருந்தது திரும்பப் பெருகும். அதோட, அதைத் தின்ன வந்த பொறிவண்டு மாதிரி நல்ல பூச்சிகளும் மருந்துல செத்துப்போச்சு. பல பேர் தோட்டத்தையே அழிச்சாங்க.

மல்பெரிக்காரங்க நிலைமை இன்னும் மோசம். உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டு வளர்ப்பு நிறைய. மல்பெரி இலைதான் பட்டுப்புழுவுக்குச் சாப்பாடு. இலைக்கு மருந்து அடிச்சா புழு சாகும். அடிக்கலைன்னா இலை சுருண்டு புழு பட்டினி. நடுவுல வழியே இல்லை.

இந்த இடத்துலதான் பேர் வேலை செஞ்சுது. அந்த மாவுப்பூச்சியை ஆராய்ஞ்சு, இது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்னு அடையாளம் கண்டாங்க. அமெரிக்காவுல வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்துல இருந்த பூச்சியியலாளர் ஆர். முனியப்பனும் அவரோட சேர்ந்தவங்களும் 2008-லயே இந்திய துணைக்கண்டத்துல இந்தப் பூச்சி வந்திருக்கிறதைப் பதிவு பண்ணி, உயிரியல் கட்டுப்பாடுதான் வழின்னு எழுதினாங்க. முனியப்பன் இதுக்கு முன்னாடி பசிபிக் கடல்ல இருக்கிற குவாம் தீவுல வேலை செஞ்சவர். அந்தத் தீவுக்கும் இதே பூச்சி வந்து, குளவி விட்டுக் கட்டுப்படுத்தின அனுபவம் அங்க இருந்துச்சு.

பேர் கிடைச்சதும் ஊரும் கிடைச்சுது. இந்தப் பூச்சியோட சொந்த ஊர் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா. அங்க அது ஒரு பெரிய தொல்லையா இருந்ததே இல்லை. காரணம், அங்க அதைத் தின்னுற குளவிகள் கூடவே இருக்கு. கப்பல்லயோ விமானத்துலயோ செடியோட ஒட்டி வெளிநாடு போனப்போ பூச்சி மட்டும் போச்சு, குளவி போகலை. எதிரி இல்லாத ஊர்ல அது இஷ்டத்துக்குப் பெருகிடுச்சு. கரீபியன் தீவுகள், ஃப்ளோரிடா, குவாம், பலாவ்னு போன இடமெல்லாம் இதே கதை. அங்கெல்லாம் அமெரிக்க விவசாயத் துறை மெக்சிகோவுல இருந்து குளவிகளைத் தேடி எடுத்து, போர்ட்டோ ரிக்கோவுல வளர்த்து அனுப்பியிருந்தாங்க. இலங்கை கூட 2009-லயே குளவியை இறக்கிடுச்சு.

இந்தியாவுக்கு 2010 ஜூலையில வந்துச்சு. பெங்களூருல இருக்கிற தேசிய வேளாண் பூச்சிகள் அமைப்பு மூணு வகைக் குளவிகளை போர்ட்டோ ரிக்கோவுல இருந்து வரவழைச்சுது: அசெரோஃபேகஸ் பப்பாயே, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா, அனகைரஸ் லோக்கி. வந்த உடனே திறந்து விடலை. மூடின ஆய்வகத்துல வச்சு, இது வேற நல்ல பூச்சிகளைத் தாக்குமான்னு சோதிச்ச பிறகுதான் அனுமதி. 2010 அக்டோபர்ல கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வழியா தமிழ்நாட்டு வயல்களுக்குப் போச்சு. முளைவிட்ட உருளைக்கிழங்குல மாவுப்பூச்சியை வளர்த்து, அது மேல குளவியை வளர்த்து, வேளாண் அறிவியல் நிலையங்கள் மூலமா மாவட்டம் மாவட்டமாக் கொடுத்தாங்க.

அடுத்த ஒரு வருஷத்துல காட்சி மாறிடுச்சு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூணும் மீண்டுச்சு. மூணு குளவியில அதிகம் நிலைச்சு வேலை செஞ்சது அசெரோஃபேகஸ். வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் பின்னாடி இதுக்குப் பணக் கணக்கு போட்டாங்க. ஐந்து வருஷத்துல இந்தியாவுக்குக் கிடைச்ச நன்மை குறைஞ்சபட்சம் 50 கோடி டாலருக்கு மேல, அதிகபட்சம் 134 கோடி டாலர் வரைக்கும். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒரு தொழிலாளி, சம்பளம் இல்லாம, லீவு இல்லாம சம்பாதிச்சுக் கொடுத்தது. அவங்க பேரப்பிள்ளைகள்தான் இப்போ வீரபாண்டியில எங்க பாட்டிலுக்குள்ள தத்திட்டு இருந்தாங்கன்னு நினைக்கிறேன்.

பேர் தப்பினா என்ன ஆகும்?

'சரி, பேர்ல என்ன இருக்கு, ஏதோ ஒரு மாவுப்பூச்சி, ஏதோ ஒரு குளவி'ன்னு தோணலாம். அதுக்கு ஆப்பிரிக்காவுல நடந்த ஒண்ணைச் சொல்றேன். அதுவும் கடைசியில சேலத்துக்குத்தான் வந்து நிக்கும்.

1970-கள்ல ஆப்பிரிக்காவுல மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி தாக்க ஆரம்பிச்சுது. அங்க மரவள்ளின்னா நமக்கு அரிசி மாதிரி. கோடிக்கணக்கான மக்களோட சோறு. மரவள்ளிக்கு சொந்த ஊர் தென் அமெரிக்கா, அதனால குளவியைத் தேடி அங்க போனாங்க. கண்டத்தோட வடக்குப் பக்கம் ஒரு மாவுப்பூச்சி கிடைச்சுது. பார்த்தா அதே மாதிரி. அதோட குளவிகளைக் கொண்டு வந்து ஆப்பிரிக்கப் பூச்சி மேல விட்டா, இனப்பெருக்கம் ஆகலை. உத்துப் பார்த்தப்போதான் தெரிஞ்சுது, ரெண்டும் வேற வேற இனம். மனுஷக் கண்ணுக்கு இரட்டைப் பிறவி. குளவிக்கு அது யாரோ ஒரு அந்நியன்.

சரியான பூச்சி 1981-ல, தெற்கே ரொம்ப தூரம் தள்ளி பராகுவே நாட்டுல கிடைச்சுது. அது மேல இருந்த குளவி அனகைரஸ் லோபெஸி. அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பினாங்க, சில நேரம் விமானத்துல இருந்து கூட. பஞ்சம் தவிர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்தை நடத்தின ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல உலக உணவுப் பரிசு கொடுத்தாங்க.

இப்போ நம்ம ஊர். 2020-ல அதே மரவள்ளி மாவுப்பூச்சி கேரளாவுல திருச்சூர்ல தென்பட்டது. கொஞ்ச நாள்ல சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கு வந்துடுச்சு. இந்த முறை பேரைத் தேடி அலைய வேண்டியதில்லை, குளவியோட பேரும் நாற்பது வருஷமாத் தெரியும். 2021-ல ஆப்பிரிக்காவுல பெனின் நாட்டு ஆய்வு மையத்துல இருந்து அனகைரஸ் லோபெஸியை வரவழைச்சு, 2022 மார்ச்சுல சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. பராகுவேயில ஒரு பூச்சியை யாரோ சரியா அடையாளம் கண்டதோட பலன், ஆத்தூர் பக்கத்துல ஒரு மரவள்ளிக் காட்டுக்கு வந்து சேர்ந்துச்சு.

நம்ம பனியனுக்குப் பின்னாடி ஒரு குளவி

திருப்பூர்ல உட்கார்ந்துகிட்டு பருத்தியைப் பத்திப் பேசாம எப்படி? எங்க வீட்டு செம்பருத்தியில இருந்தது வேற மாவுப்பூச்சி. முதுகுல ரெண்டு வரிசை கருப்புப் புள்ளி. இது பருத்தி மாவுப்பூச்சி, பீனகாக்கஸ் சொலனாப்சிஸ். சொந்த ஊர் வட அமெரிக்கா. 2000-களோட நடுவுல குஜராத், பஞ்சாப்னு வட இந்தியப் பருத்தியைப் பதம் பார்த்த பூச்சி. நம்ம நூல்மில்லுக்கு வர பஞ்சுல ஒரு பங்கு அந்தப் பக்கத்துல இருந்துதான் வருது.

இங்க யாரும் குளவியைக் கொண்டு வரலை. ஆனா 2008 வாக்குல வட இந்திய வயல்கள்ல மம்மிகள் தென்பட ஆரம்பிச்சுது. உள்ள இருந்து பளபளன்னு கருப்பா ஒரு குளவி வந்துச்சு, தையல்காரர் விரல்ல மாட்டுற அங்குஸ்தான் மாதிரி தலையெல்லாம் குழி குழியா. பேர் யாருக்கும் தெரியலை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தோட குளவி வல்லுநர் முகமது ஹயாத், 2009-ல அதுக்கு ஈனாசியஸ் பம்பாவாலேன்னு புதுப் பேர் வச்சார். சில வருஷம் கழிச்சு அமெரிக்காவுல இருந்த பழைய மாதிரிகளோட ஒப்பிட்டுப் பார்த்தப்போ, இது 1915-லயே பேர் வாங்கின, இப்போ ஈனாசியஸ் அரிசோனென்சிஸ்னு சொல்ற குளவிதான்னு தெரிஞ்சுது. அரிசோனான்னா பூச்சியோட சொந்த ஊர்ப் பக்கம். அதாவது, பூச்சி வந்த பாதையிலேயே, அதே மாதிரி யாருக்கும் தெரியாம, குளவியும் பின்னாடியே வந்து சேர்ந்திருக்கு.

பருத்தி பெரிய நஷ்டத்துல இருந்து தப்பினதுக்கு இந்தக் குளவி ஒரு முக்கியக் காரணம். நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம். செம்பருத்தியில பழுப்பா பீப்பாய் மாதிரி மம்மி பார்த்தீங்கன்னா, பெரும்பாலும் இவர் வேலைதான்.

உங்க மாடித்தோட்டத்துக்கு

கடைசியா கையில எடுத்துட்டுப் போக சில விஷயம். பூச்சி பார்த்தா மருந்து பாட்டிலைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் இலையைத் திருப்பிப் பாருங்க. உப்பின ஓடு இருக்கா? வட்டமான ஓட்டை இருக்கா? இருந்தா உங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் வேலையை ஆரம்பிச்சுட்டார். அந்த இலையைக் கிள்ளி எறியாதீங்க.

மாவுப்பூச்சி மாதிரியே இருக்கிறதெல்லாம் மாவுப்பூச்சி இல்லை. அந்தக் கூட்டத்துக்குள்ள, கொஞ்சம் பெருசா, வேகமா நடக்குற, வெள்ளை நூல் நூலா தொங்குற ஒண்ணு இருந்தா அது அநேகமா பொறிவண்டோட புழு. மாவுப்பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கு. பல வீட்டுல 'இதுதான் தாய்ப்பூச்சி'ன்னு முதல்ல நசுக்குறதே அதைத்தான். இன்னொண்ணு, மாவைப் பூசிக்கிட்டு மெதுவா ஊர்ற ஒரு வண்ணத்துப்பூச்சிப் புழு கூட இருக்கு, அதுவும் மாவுப்பூச்சி தின்னிதான். அதோட கூட்டுப்புழு குரங்கு மூஞ்சி மாதிரியே இருக்கும். கிடைச்சா போட்டோ அனுப்புங்க.

எறும்பை நிறுத்துங்க. இனிப்புக்காக எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் நிக்கும், குளவியைத் துரத்தும். மரத்தண்டைச் சுத்தி அகலமா டேப் ஒட்டி, அது மேல வாசலின் இல்லைன்னா கிரீஸ் தடவி விட்டா எறும்பு ஏறாது. மரத்து மேலயே நேரா கிரீஸ் பூச வேண்டாம். பக்கத்துச் சுவர், கொடிக்கம்பி எதுவும் மரத்தைத் தொடாமப் பார்த்துக்குங்க, அது எறும்போட பைபாஸ் ரோடு.

மாவுப்பூச்சி ரொம்ப அதிகம்னா தண்ணியை வேகமாப் பீய்ச்சி அடிங்க. மம்மி இலையோட ஒட்டிக்கிட்டு இருக்கும், வெறும் பூச்சிதான் அதிகமா உதிரும். மம்மி இல்லாத, ரொம்ப மோசமான இலையை மட்டும் வெட்டி, பிளாஸ்டிக் பையில கட்டிப் போடுங்க. சைட் ஓரத்துல பார்த்தீனியம் இருந்தா பிடுங்குங்க, அதுவும் இந்தப் பூச்சிக்கு ஒரு சத்திரம்தான்.

பாட்டில் வைக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மம்மியில இருந்து வர எல்லாக் குளவியும் நண்பன்னு சொல்ல முடியாது. நல்ல குளவியோட புழுவைத் தின்னுற வேற குளவிகளும் இருக்கு. ஒரே மம்மிக் கூட்டத்துல இருந்து ரெண்டு மூணு விதமாக் குளவி வந்தா, தனித்தனியா ஆல்கஹால்ல போட்டு, தேதி, ஊர், செடி பேர் மூணையும் பென்சில்ல எழுதி உள்ளயே போட்டு வையுங்க. பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சு போயிடும். அந்தச் சின்னச் சீட்டு இல்லாத பூச்சிக்கு ஆராய்ச்சியில மதிப்பே கிடையாது. சீட்டு இருந்தா, ஒரு வீட்டுத் தோட்டத்துல கிடைச்சது கூட ஒரு நாட்டோட முதல் பதிவா ஆகலாம்.

கோயம்புத்தூர் போனா வேளாண் பல்கலைக்கழகத்துக்குள்ள இருக்கிற பூச்சி அருங்காட்சியகத்தை ஒரு தடவை பாருங்க. 2018-ல திறந்தாங்க. பூச்சிகளுக்குன்னே தனியா ஒரு மியூசியம். குழந்தைகளைக் கூட்டிட்டுப் போனா வெளிய கூட்டிட்டு வர்றதுதான் கஷ்டம்.

அடுத்த எபிசோட்ல கரப்பான்பூச்சியை உயிரோட நடத்திக் கூட்டிட்டுப் போற ஒரு பச்சைக் குளவியைப் பத்திப் பேசலாம். அதுவும் நம்ம வீட்டுக்குள்ளயே சுத்துற ஆள்தான். அது வரைக்கும், இந்த வாரம் உங்க வீட்டுச் செடியில ஏதாவது ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துட்டு, என்ன இருந்துச்சுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.